சூட்டு முள்

கொட்டிவாக்கம் குப்பத்தில்
படகு இழுக்கிற டிராக்டர் ஓட்டுகிறேன்.
எனக்கு உழவு தெரியாது. வண்டிக்கும் மறந்திருக்கும்.
புதுப்பேட்டையில் எடைக்குப் போக இருந்ததை
தேசம்மா மீன் விற்ற காசில் மீட்டு வந்தாள்.
டீசல் இல்லை, பெட்ரோல் வண்டி என்றால்
பங்க்கில் இன்னும் சிரிக்கிறார்கள்.

அதற்கு இரண்டு வயிறு.
சின்னதில் பெட்ரோல், எழுப்ப.
பெரியதில் கெரசின், உழைக்க.
விருந்தாளிக்கு ஒரு டம்ளர், நமக்கு ஒன்று,
அந்த மாதிரி.
படகு மோட்டாருக்கென்று வரும் நீலக் கெரசினில்
கொஞ்சம் தவறி எங்கள் பக்கம் விழும்.
யாரும் கேட்டதில்லை.

கெரசினுக்கு ஒரு குணம்,
குளிர்ந்த எஞ்சினில் எரியாது, அழும்.
வெள்ளைப் புகையாய் மூக்குச் சிந்தும்.
கீழே இறங்கி ஆயிலை ரசமாக்கும்.
அதனால் ரேடியேட்டரை முன்னால் மூடி
சூட்டை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும்.
மூடுகிற தகரம் துருவாய் உதிர்ந்திருந்தது.
கையில் கிடைத்த பேனரை நான்காய் மடித்துக் கட்டினேன்.
பிரமிளாவின் மஞ்சள் நீராட்டு விழா.
தேசம்மா மகள். அப்போது பதின்மூன்று.
மறு மாதமே புகையும் ஆயிலும் அதன்மேல் படிந்து
கறுப்புத் தோல் ஆகிவிட்டது.

ஒன்பது வருஷம்.

இந்த மாசியில் கெரசின் நின்றது.
இரண்டு வயிற்றுக்கும் பெட்ரோல்.
அன்றிலிருந்து கொதி.
முள் பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி,
சிவப்பில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்காரும்.

"பெட்ரோல்ல கரும்புச் சாராயம் கலக்குறான்பா,
வண்டி குட்சிட்டு நிக்குது" என்றார் எத்திராஜ்.
சோடாக் கடைக்காரன் கேட்டான்,
"ரேடியேட்டர்ல கடல் தண்ணி ஊத்துனியா?"
ஊற்றினேன், ஒரே ஒரு முறை. சொல்லவில்லை.
நிஜாம் பாய் வந்து ஜெட்டை ஒரு நூல் பெரிதாக்கினார்,
டைமிங்கைத் திருப்பினார்,
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
டீக்கடை வெந்நீரில் போட்டுப் பார்த்தார்.
"வயசுடா" என்றார். நானூறு ரூபாய்.

வியாழன் விடியல். எத்திராஜ் படகு.
வஞ்சிரம் கனம், கயிறு விறைத்து
பாதி மணலில் நிற்கையில் மூடி தெறித்தது.
ஆள் உயரத்துக்கு வெந்நீர்.
அணைத்துவிட்டுக் குதித்தேன்.
அலை அமரத்தை நக்கத் தொடங்கியிருந்தது.
முப்பது பேர் இறங்கி இழுத்தார்கள்,
முதலில் படகை.
வழியை அடைத்துக்கொண்டு நின்றதால்
பிறகு டிராக்டரை.

நைட் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் ஐடி கார்டோடு
பிரமிளா வந்து நின்றபோதுதான் நானும் பார்த்தேன்.
வெந்நீர் வழிந்த இடத்தில் அழுக்கு கழன்று
ஒரு கன்னம், ஒரு கண்,
தலையில் பாதி ஜடைநாகம்.

"இன்னாடா இது, என் மூஞ்சியா?"

அம்மாவிடம் மீன் வெட்டுகிற கத்தியை வாங்கி
நாலு முடிச்சையும் அறுத்தாள்.
சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.
ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றி எழுப்பினேன்.
கடல் காற்று ரேடியேட்டர் கண்களுக்குள்
சீழ்க்கை அடித்து நுழைந்தது.
மூன்று படகு இழுத்தோம்.
முள் பச்சையை விட்டு நகரவில்லை.
பெட்ரோலுக்குத் தேவையில்லாத போர்வையில்
பெட்ரோலை வேக வைத்திருக்கிறேன், ஒரு மாதமாய்,
சாராயத்தைத் திட்டிக்கொண்டு.

நிஜாம் பாய்க்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஆங், நான் வச்ச டைமிங் இப்பதான் செட்டாகுது" என்றார்.

நேற்று நீலம் வந்துவிட்டது, இருபது லிட்டர்.
பெட்ரோல் விலையைச் சொல்லி
தேசம்மா விரல் மடக்கினாள்.
திரும்ப மூட வேண்டும்.
கட்சி பேனர், நகைக்கடை பேனர், கண்ணீர் அஞ்சலி,
இந்தத் தெருவில் எதைக் கிழித்தாலும்
ஒரு மூஞ்சி வருகிறது.
கடைசியில் என் பழைய லுங்கி. வெறும் கட்டங்கள்.
நாலு மூலையிலும்
இந்த முறை உருவு முடிச்சு.